பிறர் தொடங்கிய ஆட்டம்
(பழைய சாகச ஆட்டங்களுக்கு ரசிகர் செய்யும் தொடர்ச்சிகள் பற்றிய ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

ஒருவர் தொடங்கிய நூலை மற்றொருவர் தொடர்ந்து முடிப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. நாம் பயிலும் இவ்வூரின் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் சிலைகளுள் நன்னயர், திக்கனர், எர்ரனர் என்னும் மூவரையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியவர் 11-ஆம் நூற்றாண்டினராகிய நன்னயர். அவர் பாடிய பகுதி ஆரணிய பருவத்தின் இடையிலே நின்றுவிட்டது. 13-ஆம் நூற்றாண்டில் வந்த திக்கனர் விராட பருவம் முதல் இறுதி வரை பாடினார். இடையில் நின்ற குறையை அவர் தொடவில்லை. அக்குறையை 14-ஆம் நூற்றாண்டில் எர்ரனர் நிறைவு செய்தார். தாம் பாடிய பகுதியை, நன்னயரைப் புரந்த இராசராச நரேந்திரனுக்கே அவர் உரிமையாக்கினார். தொடக்கத்தில் நன்னயர் நடையும், போகப் போகத் திக்கனர் நடையும் தோன்றுமாறு பாடினார் என்று தெலுங்குப் புலவர் அவரைப் பாராட்டுவர்.

தமிழிலும் இத்தகைய முயற்சி உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபின், ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று கேளாத வாசகர் இலர். அவ்வினாவிற்கு விடையாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார்.

கதையின்மேல் கொண்ட இதே வேட்கை கணிப்பொறி ஆட்டங்களிலும் காணப்படுகிறது. முன்னாளில் புகழ்பெற்ற சாகச ஆட்டங்கள் சில பாதியில் நின்றன. அவற்றை விளையாடி வளர்ந்தவர்கள், ஊதியம் எதிர்பாராமல், தாமே அடுத்த பகுதியைச் செய்ய முற்பட்டனர். சிலர் வென்றனர், பலர் இடைவழியில் நின்றனர். அவர்களுக்கு நேர்ந்த இடர்ப்பாடுகள் எவை, அவற்றுள் தலையாயது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாகச ஆட்டம் என்பது யாது?

சாகச ஆட்டத்தில் விரலின் விரைவுக்கு வேலை குறைவு. சிந்தனைக்கே வேலை மிகுதி. ஆடுபவர் கதைத்தலைவனை இடத்திற்கு இடம் நடத்துகிறார்; காண்பவரிடம் பேச வைக்கிறார்; கிடைத்த பொருள்களை எடுத்து, உரிய இடத்தில் பயன்படுத்திப் புதிர்களை அவிழ்க்கிறார். ஒவ்வொரு புதிரும் அவிழ அவிழக் கதை நகர்கிறது. வாசகனே திறக்க வேண்டிய கதைநூல் என்று இதனைக் கூறலாம்.

இவ்வகையின் முதல் ஆட்டம் ‘அட்வெஞ்சர்’ என்பது. அமெரிக்காவில் வில் கிரௌதர் என்னும் நிரலாளர் 1975, 1976-ஆம் ஆண்டுகளில் இதனை எழுதினார். அவர் குகைகளில் இறங்கி ஆராய்வதில் பெருவிருப்பம் உடையவர். கென்டக்கி மாநிலத்தில் தாம் கண்ட குகைகளையே, படம் ஏதுமின்றி, சொற்களால் அமைத்துக் காட்டினார்.

அடுத்து நிகழ்ந்தது நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற டான் உட்ஸ் அவ்வாட்டத்தைக் கண்டார். அதனை விரிவாக்க விரும்பினார். ஆக்கியவரின் பெயர் தெரியும்; முகவரி தெரியாது. அக்காலத்துக் கணிப்பொறி வலையில் இணைந்திருந்த ஒவ்வோர் இடத்திற்கும் ‘கிரௌதர்’ என்ற பெயருக்கு அவர் மடல் விடுத்தார். கிரௌதரின் மறுமொழி வந்தது. மூல நிரலும் வந்தது. 1977-இல் உட்ஸ் விரிவாக்கிய வடிவமே உலகெங்கும் பரவியது. ஆகவே, சாகச ஆட்டம் என்னும் வகை புகழ்பெற்றதே ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் கேட்டுப் பெற்றுத் தொடர்ந்ததனால்தான். கேட்டுப் பெற்று என்னும் சொற்களை நண்பர்கள் நினைவில் வைப்பார்களாக.

ரசிகர் தொடர்ச்சி தோன்றிய காரணம்

1984-இல் சியரா நிறுவனம் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ ஆட்டத்தை வெளியிட்டது. ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் அம்மையார் அதனை வகுத்தார். 1987-இல் லூக்காஸ் நிறுவனத்தார் ‘மேனியாக் மேன்ஷன்’ ஆட்டத்தையும், 1990-இல் ‘மங்கி ஐலண்ட்’ ஆட்டத்தையும் தந்தனர். அடுத்த சில ஆண்டுகள் இவ்வகைக்குப் பொற்காலம் எனலாம்.

பின்னர் முப்பரிமாண ஆட்டங்களின்பால் மக்கள் மனம் திரும்பியது. 1999 பிப்ரவரியில் சியராவின் ஓக்ஹர்ஸ்ட் கிளை மூடப்பட்டது. லூக்காஸ் நிறுவனம் 2000-க்குப் பின் புதிய சாகச ஆட்டம் வெளியிடவில்லை. செய்துகொண்டிருந்த ஒன்றையும் 2004-இல் கைவிட்டது. கதைகள் நின்றன, ஆனால் கதைமாந்தரை மறவாத ரசிகர் இருந்தனர்.

அவர்களுக்குக் கருவிகளும் வாய்த்தன. கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் 1997-இல் வெளியிடத் தொடங்கிய ‘அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ’ என்னும் மென்பொருள், பழைய ஆட்டங்களைப் போன்றவற்றைத் தனி ஒருவரும் செய்ய வழி திறந்தது. 2001-இல் தோன்றிய ‘ஸ்கம்விஎம்’, பழைய ஆட்டங்களைப் புதிய கணிப்பொறிகளில் ஓட வைத்தது. நின்ற கதை, மறவாத நெஞ்சம், எளிய கருவி ஆகிய மூன்றும் கூடியபோது ரசிகர் தொடர்ச்சிகள் பிறந்தன. இனி, அவற்றைச் செய்வோர் எதிர்ப்படும் இடர்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் இடர்: அளவு

ஆட்டத்தைத் தொடங்குவோர் பெரும்பாலும் கதையையே எண்ணுகின்றனர், வேலையை எண்ணுவதில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆட்டத்தில் 30 இடங்கள். இடத்திற்கு 8 பொருள்கள் என்று கொள்வோம். மொத்தம் 240 பொருள்கள். ‘பார்’, ‘எடு’, ‘திற’, ‘தள்ளு’ என்பன போன்ற 9 வினைகள் உள்ளன எனின், 240 × 9 = 2,160 மறுமொழிகள் வேண்டும். தலைவன் தன் பையில் 20 பொருள்கள் வரை சேர்ப்பான் எனின், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பொருளின்மேலும் பயன்படுத்திப் பார்ப்பவர் உண்டு, அதற்கு 4,800. பையில் உள்ள பொருள்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்ப்பதற்கு 190. ஆகக் கூடுதல் 7,150.

ஒரு மறுமொழி எழுத ஐந்து நிமிடம் ஆகும் எனின், ஏறத்தாழ 596 மணி நேரம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் மாணவர்க்கு இது பத்து மாத வேலை. இதில் ஒரு படமும் வரையப்படவில்லை. ஒரு வரி நிரலும் எழுதப்படவில்லை. ‘அது இயலாது’ என்னும் ஒரே விடையைப் பல இடங்களில் இட்டு நிரப்பலாமே எனின், நிரப்பலாம்தான். ஆனால் பழைய ஆட்டங்களின் நகைச்சுவை பெரும்பாலும் இத்தகைய பயனற்ற முயற்சிகளுக்குக் கிடைத்த விடைகளிலேதான் இருந்தது. அதனை நீக்கினால் தொடர்ச்சிக்கு உயிர் இல்லை.

படங்களின் கணக்கும் இவ்வாறே. ஒருவர் நடப்பதைக் காட்ட ஒரு திசைக்கு 8 படங்கள் வேண்டும். இடப்பக்கம் வலப்பக்கத்தின் நிழலாதலால் மூன்று திசைகளுக்கு வரைந்தால் போதும், 24 படங்கள். பத்து மாந்தர்க்கு 240. அவர்கள் இன்னும் பேசவில்லை, குனியவில்லை, ஒரு பொருளை எடுக்கவில்லை!

மூல ஆட்டங்களைச் செய்தவர்கள் ஊதியம் பெற்று முழுநேரமும் உழைத்த குழுவினர். அவர்கள் வகுத்த அளவையே இரவு நேரத்து ஆர்வலர் தமக்கும் அளவாகக் கொள்வது முதல் இடறல்.

இரண்டாம் இடர்: புதிர்

புதிர் ஒன்றை அமைப்பது எளிது. புதிர்கள் ஒன்றோடொன்று பிணைவதைக் காப்பது அரிது. எந்தப் புதிர் எதற்கு முன் அவிழ வேண்டும் என்பதைப் புள்ளிகளாலும் அம்புக்குறிகளாலும் வரைந்து பார்க்க வேண்டும். ‘மங்கி ஐலண்ட்’ ஆக்கிய ரான் கில்பர்ட் இத்தகைய வரைபடத்தைப் பெரிதும் வற்புறுத்துபவர். கணிதம் பயில்வோர் இதனைத் திசையுடை வரைவு என்பர். அதில் அம்புகள் ஒரு வட்டமாகச் சுற்றிவந்தால், பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் சாவி கிடக்கிறது என்று பொருள்.

பழைய ஆட்டங்களிலும் குறை உண்டு. 1990-இல் வந்த ஐந்தாம் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ ஆட்டத்தில் தலைவனிடம் ஒரு பணியாரம் இருக்கும். பசிக்கு அதை உண்டுவிட்டால், பின்னர்ப் பனிமலையில் எதிர்ப்படும் விலங்கின்மேல் எறிய ஒன்றும் இராது. ஆட்டம் அங்கே முட்டி நிற்கும். செய்த தவறு எதுவென்றும் ஆடுபவர் அறியார். இக்குறையை அன்று ரசிகர் பொறுத்துக்கொண்டனர், இன்று பொறுக்கமாட்டார்.

குறை உளதா என்று சோதித்தல் வேண்டும். ஒன்றையொன்று சாராத பத்துப் புதிர்கள் உள்ளன எனின், எவை அவிழ்ந்தன, எவை அவிழவில்லை என்னும் நிலைகள் 2-இன் பத்தாம் அடுக்கு, அதாவது 1,024. ஒவ்வொரு நிலையிலும் ஆட்டம் பிழையின்றி ஓட வேண்டும். இதனை ஆக்கியவரே சோதித்தல் பயன் தராது. விடை அறிந்தவர் விடைவழியே நடப்பார். அறியாதவரே குழியைக் கண்டுபிடிப்பார்.

மூன்றாம் இடர்: தோற்றமும் நினைவும்

ரசிகர் தம் நினைவிலுள்ள ஆட்டத்தைத் தொடர விரும்புகின்றனர். நினைவோ உண்மையை அழகுபடுத்தி வைத்திருக்கிறது. முதல் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ படங்கள் குறுக்கே 160, நெடுக்கே 200 புள்ளிகளும் 16 நிறங்களுமே கொண்டவை. பின்வந்தவை 320-க்கு 200 புள்ளிகளும் 256 நிறங்களும் உடையவை. இங்கே இயற்பியல் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்துத் திரையின் அகலமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தன. 320-க்கு 200 என்பதை அத்திரையில் நிரப்பும்போது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம் பெற்றது. இன்றைய திரையில் சதுரப் புள்ளியாகக் காட்டினால் உயரம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, முழுநிலவு முட்டையாகிவிடுகிறது. மூலத்தின் ஓவியத்தை அளந்து, அளந்தபடியே பின்பற்றுபவரும் இதனை அறியாவிடில் தவறிவிடுவர்.

இதற்கு மேலும் ஒரு வினா எழுகின்றது. பழமையை அப்படியே பின்பற்றுவதா, புதுமை சேர்ப்பதா? பின்பற்றினால் ‘பழைய சோறு’ என்பார். மாற்றினால் ‘இது நம் ஆட்டம் அன்று’ என்பார். முன்னவர் நடையில் தொடங்கிப் பின்னவர் நடையை மெல்ல அடைந்த எர்ரனர் வழியே இங்குத் தக்கது என்பது என் கருத்து.

நான்காம் இடர்: உரிமை

மேற்கூறிய மூன்றும் உழைப்பினால் வெல்லத்தக்கவை. நான்காவது அத்தகையதன்று. ஆட்டத்தின் நிரல், ஓவியம், இசை, கதைமாந்தர், பெயர் ஆகிய யாவும் ஒருவர்க்கு உரிமையுடையவை. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணிப்பொறி நிரலை இலக்கிய ஆக்கமாகவே கருதுகிறது. ஓர் ஆக்கத்தைத் தழுவிப் புதிதாக்கும் உரிமையை உரிமையாளர்க்கே தருகிறது. ‘நான் காசு வாங்கவில்லையே’ என்பது மட்டும் போதிய விடையாகாது. எனினும், கருத்துக்கு உரிமை இல்லை. அது வெளிப்பட்ட வடிவத்திற்கே உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவுபடுத்தியது. கடற்கொள்ளையனைப் பற்றி எவரும் ஆட்டம் செய்யலாம். ‘மங்கி ஐலண்ட்’ தலைவனாகிய கைப்ரஷ் திரீப்வுட்டை வைத்துச் செய்வதற்கே இசைவு வேண்டும்.

இதன் கடுமையை உணர்த்த ஒரு வரலாறு போதும். ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ ரசிகர் சிலர் 2002-இல் ஒன்பதாம் பகுதியைச் செய்யத் தொடங்கினர். 2005-இல், அப்போது உரிமை பெற்றிருந்த விவெண்டி நிறுவனத்திடமிருந்து வேலையை நிறுத்துமாறு மடல் வந்தது. ரசிகர்கள் திரளாக எழுதி வேண்டினர். அவ்வாண்டு இறுதியிலேயே நிறுவனம் இசைந்தது. ஆனால் தலைப்பில் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ என்ற பெயர் இருத்தல் கூடாது என்றது. ஆட்டம் ‘தி சில்வர் லைனிங்’ ஆயிற்று. பின்னர் உரிமை ஆக்டிவிஷன் நிறுவனத்திற்குப் போயிற்று. 2010 பிப்ரவரியில் மீண்டும் தடை. சில மாதங்களில் அத்தடையும் நீங்கி, 2010 ஜூலையில் முதற்பகுதி வெளிவந்தது. 2011 நவம்பரில் நான்காம் பகுதி வந்தது. இறுதிப் பகுதியோ ஆண்டுகள் பல கடந்தும் வரவில்லை.

தொடக்கத்திலிருந்து முதற்பகுதி வரை எட்டு ஆண்டுகள். இருபத்து மூன்று வயதில் தொடங்கியவர் முப்பத்தொன்றில் முதற்பயனைக் காண்பார். அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு மடலுக்கு அஞ்சி நின்றது. அவர்கள் கட்டிய வீடு நன்று, நிலம் பிறருடையது.

மற்றொரு வரலாறு இதற்கு மாறானது. ‘புரோக்கன் சோர்டு’ என்னும் ஆட்டவரிசையின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளுக்கு இடைப்பட்ட கதையை ஜெர்மானிய ரசிகர்கள் ‘2.5’ என்னும் எண்ணிட்டுச் செய்தனர். உரிமையுடைய ரெவொல்யூஷன் நிறுவனத்தின் இசைவோடு அது 2008-இல் இலவசமாக வெளிவந்தது.

ஆக்கியவரே கூட உரிமைக்கு விலக்கல்லர். நிறுவனத்தில் பணிபுரிந்தபோது ஆக்கியதன் உரிமை பொதுவாக நிறுவனத்திற்கே போகும். ரான் கில்பர்ட் முதல் இரண்டு ‘மங்கி ஐலண்ட்’ ஆட்டங்களைச் செய்தபின் வெளியேறினார். தம் கதைத்தலைவனிடம் அவர் திரும்பி வந்தது 2022-இல்தான். அதுவும் உரிமையாளரின் இசைவு பெற்றே. பெற்ற தந்தைக்கே இந்நிலை எனின், ரசிகர்க்குக் கூறவும் வேண்டுமோ?

தமிழில் செய்ய விரும்புவோர்க்கு

நம்முள் சிலர் தமிழிலே ஒரு சாகச ஆட்டம் செய்ய விரும்பலாம். அவர்க்கு எழுத்து ஓர் இடர். பழைய ஆட்டங்களில் ஓர் எழுத்துக்கு 8-க்கு 8 புள்ளிக் கட்டம் போதுமானதாக இருந்தது. ‘ணு’, ‘றூ’, ‘ஞை’ ஆகியவற்றை அக்கட்டத்தில் அடைத்துப் படிக்கும்படி செய்வது அரிது. மேலும், ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. இன்றைய ஒருங்குறி முறையில் அக்குறி ககரத்திற்குப் பின்னே சேமிக்கப்படுகிறது. சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை வரையும் எஞ்சின், கொம்பை முன்னே இடாமல் பின்னே இட்டுவிடும். பார்வை வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்த ‘தஸ்கி’ போன்ற பழைய குறியீட்டு முறைகளை இதற்குப் பயன்படுத்தலாம். அல்லது உரையாடலைப் படமாகவே வரைந்து சேர்க்கலாம்.

உரிமையைப் பற்றி நமக்கு ஒரு நற்செய்தி. கல்கி 1954-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்தபின் அறுபது ஆண்டுகள் என்னும் சட்டப்படி, அவர் நூல்களின் உரிமைக்காலம் 2014-ஆம் ஆண்டோடு முடிந்தது. அதற்கு முன்பே தமிழ்நாட்டரசு அவற்றை நாட்டுடைமையாக்கியிருந்தது. வந்தியத்தேவனை வீரநாராயண ஏரிக்கரையிலிருந்து மீண்டும் குதிரையில் ஏற்ற எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. ஆனால் தொடர்கதைக்கு ஓவியர் மணியம் தீட்டிய உருவங்கள் வேறு. பின்வந்த திரைப்படத்தின் தோற்றங்களும் இசையும் வேறு. அவற்றின் உரிமையைத் தனியே ஆராய்ந்தே தொடல் வேண்டும்.

நாம் கொள்ளத்தக்க வழி

மேற்கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, இசைவை முதலில் கேட்க வேண்டும். எழுத்தில் பெற வேண்டும். பாதி முடித்தபின் கேட்பதைவிட, ஒன்றும் செய்யாதபோது மறுப்பைப் பெறுவது நட்டம் குறைந்தது.

இரண்டாவது, சிறிதாகத் தொடங்க வேண்டும். 2004 முதல் ஜெர்மானிய ரசிகர்கள் ‘மேனியாக் மேன்ஷன் மேனியா’ என்ற பெயரில் சிறுசிறு தொடர்ச்சிகளை வெளியிட்டனர். பொதுவான படங்களையும் நிரலையும் ஒரு தொகுப்பாக முதலிலே அமைத்துக்கொண்டனர். ஆளுக்கொரு சிறுகதை என்று ஆக்கியதால் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் முடிந்தன. ஒரே பெருங்கோபுரம் கட்ட முயன்று அடித்தளத்தில் நிற்பதைவிட, நூறு திண்ணைகள் கட்டுவது ஊருக்குப் பயன் தரும்.

மூன்றாவது, குழு கலைவதை எதிர்பார்த்தே வேலையைப் பகிர வேண்டும். தேர்வு வரும்; ஒருவர் வேலை கிடைத்துப் பெங்களூர் போவார்; மற்றொருவர் திருமணம் செய்துகொள்வார். ஒருவர் விட்ட வேலையை அடுத்தவர் எடுத்துச் செய்யுமாறு குறிப்புகளை எழுதிவைத்தல் வேண்டும்.

நான்காவது, கற்றது வீண்போகாது. ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ முதல் ஆட்டங்களை 2001-இலும் 2002-இலும் புதுக்கித் தந்த ரசிகர்கள் பின்னர் ஹிமாலயா ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கித் தம் சொந்த ஆட்டத்தை 2006-இல் வெளியிட்டனர். ‘தி சில்வர் லைனிங்’ குழுவினரும் 2012-இல் தம் சொந்தக் கதையோடு விற்பனைக்கு வந்தனர். பிறர் நிலத்தில் உழப் பழகியவர் பின்னர்த் தம் நிலத்தை உழுதனர்.

முடிவுரை

ரசிகர் தொடர்ச்சியின் தலையாய இடர் கருவியன்று, திறமையும் அன்று. பிறர் பொருளின்மேல் தம் இளமையின் ஆண்டுகளைச் செலவிடுவதே அது. அதனை அறிந்து, உரிமையாளரிடம் இசைவு பெற்று, தம் வலிமைக்கு ஏற்ற அளவைக் கொண்டு தொடங்குவோர் முடிக்கின்றனர். அறியாதோர் அழகிய தொடக்கங்களை மட்டும் விட்டுச் செல்கின்றனர்.

விடுமுறையில் இம்முயற்சியில் இறங்க விரும்பும் நண்பர்கள் முதலில் ஒரே ஓர் அறை, மூன்று பொருள்கள், ஒரு புதிர் என்று வகுத்துக்கொள்க. அதனை முற்றும் முடித்து, விடை அறியாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க. அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, முட்ட வேண்டிய இடத்தில் முட்டி, இறுதியில் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டால், இரண்டாம் அறையைப் பற்றி எண்ணலாம்.